பூவாளி விரிசலில் பசை ஏன் நிற்பதில்லை?

மாடித்தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் கோடை முடிவதற்குள் ஏதாவது ஒரு பிளாஸ்டிக் சாமான் விரிசல் விட்டிருக்கும். பூவாளியின் மூக்கு உடம்போடு சேரும் இடம், தொட்டியின் விளிம்பு, தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மின் அடிப்பக்கம், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. உடனே கடைக்குப் போய் ஒரு ஃபெவிக்விக் வாங்கி வந்து ஒட்டுவோம். ஒட்டிக்கொண்டது போலத்தான் இருக்கும், மறுநாள் தண்ணீர் நிரப்பித் தூக்கினால் அதே இடத்தில் சொட்டும், நகத்தால் நெம்பினால் காய்ந்த பசை முழுசாக ஏடு போல உரிந்து வந்துவிடும். அப்புறம் எம்-சீல் பிசைந்து அப்புவோம். அதுவும் கொஞ்ச நாளில் கட்டியாகக் கழன்றுவிடும். கடைசியில் பூவாளி காயலான் கடைக்குப் போகும், புதிதாக ஒன்று வாங்குவோம்.

பசையில் தவறே இல்லை. தோட்டத்துச் சாமான்களில் பெரும்பகுதி பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் என்ற இரண்டு பிளாஸ்டிக்கில் செய்யப்படுபவை, இந்த இரண்டும் எந்தச் சாதாரணப் பசையையும் தன்மேல் பிடிக்கவிடாது. இதை மட்டும் புரிந்துகொண்டால் போதும், எந்த விரிசலுக்கு என்ன செய்வது என்பது முக்கால்வாசி தானாகவே தெரிந்துவிடும்.

ஒரு பசை ஒட்ட வேண்டுமானால் முதலில் அது அந்தப் பரப்பில் பரவ வேண்டும். மரத்தில் பரவும், இரும்பில் பரவும், பீங்கானில் பரவும். பாலிஎத்திலீனில் தாமரை இலைத் தண்ணீர்தான், திரண்டு நிற்குமே தவிரப் பரவாது. அதன் மூலக்கூறு வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நீளமான சங்கிலி. வேறு பொருளைப் பிடித்து இழுக்கும் கொக்கி போன்ற எதுவும் அதில் கிடையாது. பாலிபுரொப்பிலீனும் அப்படியே. உங்கள் பூவாளியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குண்டாக உருண்டு நிற்பது தெரியும். சூப்பர் க்ளூ அடைத்து வரும் குட்டி பாட்டில் பெரும்பாலும் இதே பாலிஎத்திலீன்தான். உள்ளே இருக்கும் பசை பாட்டிலோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆசிட், ஃபினாயில், உரக்கரைசல் எல்லாவற்றையும் இந்தக் கேன்களில் நம்பி ஊற்றி வைப்பதும் இதனால்தான். எதோடும் சேராத இந்தக் குணம்தான் அதன் பலம், ஒட்ட நினைக்கும்போது அதே குணம் தடையாக வந்து நிற்கிறது.

ஆனால் இந்த இரண்டு பிளாஸ்டிக்குக்கும் இன்னொரு குணம் உண்டு. சூடு பண்ணினால் உருகும், ஆறினால் பழையபடி கெட்டியாகும், எத்தனை முறை வேண்டுமானாலும் கிட்டத்தட்ட அப்படிச் செய்யலாம். அதனால் இவற்றை ஒட்டக் கூடாது, பற்றவைக்க வேண்டும். அந்தக் காலத்தில் தெருவில் வந்து பிளாஸ்டிக் குடமும் பக்கெட்டும் அடைத்துத் தருபவர்கள் பசை டப்பாவைத் திறந்ததே இல்லை, ஒரு இரும்புக் கம்பியைக் காய்ச்சிப் பழைய பிளாஸ்டிக் துண்டை உருக்கித் தேய்த்துவிடுவார்கள். அதுதான் சரியான முறை. நாம் அதைக் கொஞ்சம் நிதானமாகச் செய்யப் போகிறோம், அவ்வளவே.

முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள்

முக்கோண அம்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கும். இந்த எண் முறை 1988ல் அமெரிக்காவில் தொடங்கியது, இப்போது நம் ஊர் பக்கெட்டிலும் அதைப் பார்க்கலாம். 2 என்றால் கெட்டியான பாலிஎத்திலீன், அதாவது ஹெச்டிபிஇ. 4 என்றால் மெல்லிய, வளையும் பாலிஎத்திலீன். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், சுருக்கமாக பிபி. தோட்டச் சாமான்களில் பெரும்பாலும் இந்த மூன்றுதான் வரும். 3 என்றால் பிவிசி, நம் பைப்பும் ஹோஸும். 6 பாலிஸ்டைரீன், மெல்லிசான நாற்றுத்தட்டுகளில் சில இது. 7 என்றால் மற்றவை எல்லாம். கெட்டியாக, தட்டினால் கணீரென்று கேட்கும் ஏபிஎஸ் இந்தக் கணக்கில் வரும், ஹோஸ் முனையில் மாட்டும் சில தண்ணீர்த் துப்பாக்கிகள் அதில் செய்தவை.

எண் இல்லையா? விரிசல் ஓரத்திலிருந்து நகக்கண் அளவுக்கு ஒரு துண்டைச் சீவி, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் அழுத்தி மூழ்கடித்து விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். அடியில் போய் உட்கார்ந்தால் பிவிசி, ஏபிஎஸ், பாலிஸ்டைரீன், இப்படி ஏதாவது ஒன்று. சோப்பு எதற்கென்றால், அது இல்லாவிட்டால் துண்டின்மேல் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு மூழ்க வேண்டியதையும் மிதக்க வைத்துவிடும். மிதந்த துண்டு இரண்டில் எது என்று பார்க்க நகத்தால் கீறிப் பாருங்கள். பாலிஎத்திலீனில் கொஞ்சம் மெழுகுத்தனம் இருக்கும், கீறல் விழும். பாலிபுரொப்பிலீன் அதைவிடக் கெட்டி.

பிளாஸ்டிக் வகையைக் கண்டுபிடித்த பிறகு இன்னொன்று பார்க்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: அந்தப் பிளாஸ்டிக்கில் இன்னும் உயிர் இருக்கிறதா? வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்த நீளமான சங்கிலிகளை வருஷக்கணக்கில் அறுத்துக்கொண்டே வருகிறது. வெளியே தெரியும் அடையாளம், சாயம் வெளுப்பதும் தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுவதும். விளிம்பை இரண்டு விரலால் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்பினால் சரி, வேலையில் இறங்கலாம். பொருக்குத் தட்டி உடைந்தால் அந்த இடத்தில் என்ன பற்றவைத்தாலும் பக்கத்தில் புதிதாக விரியும், உங்கள் நேரம்தான் வீண். கருப்பு நிறத் தொட்டியும் டேங்கும் சொட்டுநீர்க் குழாயும் மற்ற நிறங்களைவிட நீண்ட நாள் தாங்குவதற்குக் காரணம் அதில் கலக்கும் கார்பன் கரி, கதிரை அது தன்மேல் வாங்கிக்கொண்டு உள்ளே விடாது. அடுத்த முறை வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். அழகான ஆரஞ்சுத் தொட்டியைப் பால்கனி நிழலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மொட்டை மாடிக்குக் கருப்பே போதும்.

பூவாளியைப் பற்றவைப்பது

ஹெச்டிபிஇ பூவாளி, மூக்கு சேரும் இடத்தில் இரண்டு அங்குல விரிசல் என்று வைத்துக்கொள்வோம். வேண்டியது ஈயம் பற்றவைக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன், பழைய ஆக்சா பிளேடு, 80 நம்பர் உப்புத்தாள், ஒரு பழைய கேன். கேனிலும் அதே எண் 2 இருக்க வேண்டும், இதில் மட்டும் சமரசம் கிடையாது. பாலிஎத்திலீனோடு பாலிபுரொப்பிலீன் சேராது, உருகி ஒன்றாக வழிவது போலத் தெரிந்தாலும் ஆறியதும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். ஐந்து லிட்டர் ஃபினாயில் கேன் பெரும்பாலும் ஹெச்டிபிஇ, ஆனாலும் எண்ணைப் பார்த்துவிட்டே வெட்டுங்கள். அதிலிருந்து தீக்குச்சியைவிடக் கொஞ்சம் அகலமாக நாலைந்து பட்டை நறுக்கிக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் பூவாளியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு உருக்கி வைத்து, நன்றாக ஆறியபின் குறடால் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுத்தமாகப் பிரிந்து வந்தால் வேறு பிளாஸ்டிக். பூவாளியின் தோலையும் இழுத்துக்கொண்டு வந்தால் ஜோடி சரி.

சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைக்க வேண்டும். விரிசலுக்குள் ஈரம் இருந்தால் சூடு பட்டதும் ஆவியாகிப் பற்று முழுக்கக் குமிழி விழும், பாசி, உரக்கறை இருந்தாலும் பிடிக்காது.

அடுத்து விரிசலின் இரண்டு முனையையும் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவதைவிட விரிசல் எப்போதும் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், லேசாக வளைத்துப் பிடித்தால் முடியிழை போல ஓடியிருப்பது தெரியும். அந்த முனை ஒவ்வொன்றிலும் மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு வட்டத் துளை போடுங்கள். டிரில் இல்லாவிட்டால் ஆணியைக் காய்ச்சிக் குத்தலாம். விரிசலை நிறுத்துவதற்குத் துளை போடுவதா என்று தோன்றும். தண்ணீரின் எடை இழுக்கும்போது அந்த விசை எல்லாம் விரிசலின் கூர்மையான நுனியில்தான் போய்க் குவிகிறது, அதனால்தான் அது நாளுக்கு நாள் நீள்கிறது. நுனி வட்டமாகிவிட்டால் குவிவதற்குக் கூர்மை இல்லை, விசை சுற்றிலும் பரவிவிடும். விமான உடலில் ஏற்படும் விரிசலைத் தற்காலிகமாக நிறுத்தவும் இதே வேலையைச் செய்வார்கள். வீட்டில் செய்யும் ரிப்பேர் பாதியில் தோற்பதற்கு இந்தத் துளையைப் போடாமல் விடுவது ஒரு முக்கியக் காரணம்.

பிறகு ஆக்சா பிளேடின் நுனியால் விரிசல் நெடுக ஒரு பள்ளம் சீவுங்கள், மேலே அகலமாகவும் உள்ளே போகப்போகக் குறுகலாகவும், சுவரின் கனத்தில் பாதி ஆழம் வரைக்கும். உருகிய பிளாஸ்டிக் உள்ளே இறங்கி உட்கார அந்த இடம் வேண்டும். வெறுமே மேலே பூசினால் தோல்தான் சேரும்.

இப்போது சூடு. அயர்னின் நுனி முந்நூறு டிகிரியைத் தாண்டும், ஹெச்டிபிஇ உருகுவதோ 130 டிகிரி வாக்கில், பிபி 160க்குக் கொஞ்சம் மேலே. அதனால் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் உருகாது, கருகும். விரிசலின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அங்குலத்துக்கு ஒரு இடமாகக் குறுக்கே நுனியால் தொட்டுத் தொட்டு முதலில் தையல் போடுவது போல நிறுத்திவிடுங்கள். அது ஆறியதும் பட்டையைப் பள்ளத்தில் வைத்து, நுனியைப் பட்டைக்கும் பூவாளிக்கும் நடுவே நுழைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் உருகுகிற மாதிரி மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இந்தக் கட்டத்தில் கண்ணை எடுக்கக் கூடாது. பட்டை மட்டும் உருகி அடியில் உள்ள சுவர் மங்கலாகவே இருந்தால் அது ஒட்டவில்லை, மேலே படுத்திருக்கிறது. இரண்டும் ஈரம் பட்டது போலப் பளபளத்து, எல்லைக்கோடு மறைந்தால்தான் பற்றியிருக்கிறது என்று அர்த்தம். பழுப்பாக மாறிப் புகை வந்தால் சூடு அதிகம், நுனியை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். மெல்லிய சுவராக இருந்தால் உள்பக்கம் விரல் போகும் இடத்தில் ஒரு மரத்துண்டை முட்டுக்கொடுத்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் ஓட்டை விழுந்துவிடும்.

முடிந்ததும் தண்ணீரில் முக்காதீர்கள். திடீரென்று குளிர்ந்தால் பற்று சுருங்கி உள்ளுக்குள்ளேயே இழுவை உண்டாகும், தானாக ஆறட்டும். கைப்பிடி, மூக்கு போல எடை விழும் இடமாக இருந்தால் கொசுவலைக்கு அடிக்கும் ஸ்டீல் வலையில் ஒரு துண்டு வெட்டி, விரிசலின் மேல் வைத்துச் சூட்டால் அழுத்திப் புதைத்து, அதற்கு மேல் இன்னொரு பட்டையை உருக்கிப் பூசுங்கள். முழுக்க ஆறிய பிறகு தண்ணீர் நிரப்பி ஒரு செய்தித்தாளின் மேல் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் எந்த இடம் விட்டிருக்கிறது என்று சரியாகக் காட்டிக்கொடுக்கும். மறுபடி காயவைத்து அந்த இடத்தை மட்டும் தொட்டால் போதும்.

இதையெல்லாம் வெளியில், காற்றோட்டத்தில் செய்யுங்கள், குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது. ஈயம் பற்றவைத்த அதே நுனியை இதற்கு வைக்க வேண்டாம், தனியாக ஒரு நுனி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல், தின்னர் இருந்த கேன் எவ்வளவு கழுவினாலும் அதன் பக்கம் சூட்டைக் கொண்டுபோகாதீர்கள். பூச்சிமருந்து இருந்த கேனிலிருந்து பட்டை நறுக்குவதும் வேண்டாம். அப்புறம், பிவிசியை ஒருபோதும் இப்படி உருக்கக் கூடாது. அது கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயு வரும், மூச்சுக்குழாயை அரிக்கும்.

பிவிசிக்கு வேறு வழி இருக்கிறது, அது சுலபமானதும்கூட. பைப் கடையில் கிடைக்கும் சால்வென்ட் சிமென்ட் வெறும் பசை கிடையாது, பிவிசியின் மேல்தோலைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். தோட்டத்துக்குப் போகும் பைப்பில் நீளவாக்கில் விரிசல் என்றால், அதே அளவுப் பைப்பில் ஒரு துண்டை வெட்டி, நீளவாக்கில் பிளந்து, இரண்டு பரப்பையும் உப்புத்தாள் போட்டு, சிமென்ட் தடவி, கவ்வினாற்போல மேலே மாட்டி இறுகக் கட்டி வைத்துவிடுங்கள். மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு இது தாங்கும். மோட்டாரிலிருந்து நேராக வரும் பைப்பாக இருந்தால் ஒட்டு வேலை வேண்டாம், விரிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு கப்ளிங் போடுங்கள். ஹோஸும் அப்படித்தான். வெட்டி, ஜாயினர் நுழைத்து, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முறுக்க வேண்டியதுதான். ஹோஸ் முனை விறைத்திருந்தால் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிக் கொடுக்கும்.

எல்லாவற்றுக்கும் பற்று வேண்டாம்

செடித்தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் நாமே ஓட்டை போட்டுத்தான் வைக்கிறோம், அது தண்ணீரைத் தாங்க வேண்டியதில்லை, மண்ணைத் தாங்கினால் போதும். அதனால் தொட்டி பக்கவாட்டில் விரிந்தால் அயர்னைத் தேடி ஓட வேண்டாம், தையல் போட்டுவிடலாம். முனையில் அதே நிறுத்தத் துளை, பிறகு விரிசலின் இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு துளை, அதில் பழைய வயரிலிருந்து உரித்த செம்புக் கம்பியோ கருப்பு கேபிள் டையோ கோத்து இழுத்து முறுக்கிவிடுங்கள். கட்டுக்கம்பி ஒரே மழையில் துருப்பிடிக்கும். கருப்பு டை ஏன் என்றால் வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் பொடிந்துவிடும். நர்சரியிலிருந்து வரும் மலிவான கருப்புத் தொட்டிகள் பல பிளாஸ்டிக் கலந்த மறுசுழற்சிச் சரக்கு, அவை பற்றவைப்புக்குச் சரியாகப் பிடிப்பதில்லை, அவற்றுக்கும் இந்தத் தையல்தான். க்ரோ பேக் கிழிந்தால் கோணி ஊசியும் நைலான் நூலும் போதும்.

தண்ணீர் டிரம்முக்கு அவசரத்துக்கு பியூட்டைல் டேப், அதாவது பிசுபிசுப்பான ரப்பர் ஒட்டுநாடா, ஒட்டலாம். பசைகளில் பாலிஎத்திலீனை ஓரளவு பிடித்துக்கொள்பவற்றில் இது ஒன்று. டிரம்மைக் காலிசெய்து துடைத்து உள்பக்கம் ஒட்டுங்கள், தண்ணீரின் அழுத்தமே அதைச் சுவரோடு சேர்த்து அமுக்கி வைக்கும். வெளியே ஒட்டினால் அதே அழுத்தம் அதைத் தள்ளிவிடும்.

பசைதான் போட்டாக வேண்டும், வேறு வழியில்லை என்றால் ஒரு உபாயம் இருக்கிறது. உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, கேஸ் டார்ச்சின் நீலச் சுடரை அந்த இடத்தின் மேல் ஒரு வீச்சில், உருகாத வேகத்தில், இரண்டு முறை ஓட்டுங்கள். சூட்டில் மேல்தோலில் ஆக்ஸிஜன் போய்ச் சேர்ந்து, பசை பிடிப்பதற்கு ஒரு பிடிமானம் உண்டாகும். பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முன்பு போலத் திரளாமல் பரவும், அப்படிப் பரவினால் உடனே அரால்டைட் போல இரண்டு டியூப் கலக்கும் எபாக்சியைப் போட்டுவிட வேண்டும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அந்தக் குணம் குறைந்துவிடும். தொழிற்சாலைகளில் பிளாஸ்டிக் பாட்டிலில் அச்சடிப்பதற்கு முன்பும் இப்படிச் சுடர் காட்டுவது உண்டு.

கைவைக்கவே கூடாத ஒரு சாமான் இருக்கிறது. பம்ப் பண்ணிக் காற்றை ஏற்றி அடிக்கும் கைத்தெளிப்பான். அதன் உடம்பில் விரிசல் வந்தால் பற்றும் வேண்டாம், பசையும் வேண்டாம், தூக்கி வைத்துவிடுங்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் காற்று பற்றுப் போட்ட இடத்தைப் பிய்த்துக்கொண்டு முகத்துக்கு நேராக வெடிக்கலாம், உள்ளே மருந்து இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். முதுகில் மாட்டும் தெளிப்பானில் பெரும்பாலும் டேங்குக்கு அழுத்தம் கிடையாது, பம்ப் அறைக்குத்தான், ஆனாலும் மருந்து முதுகில் ஒழுகும் என்பதால் அதையும் நான் வீட்டில் தொடச் சொல்லமாட்டேன், உதிரி டேங்க் கேட்டுப் பாருங்கள்.

மண்ணோடு இருக்கும் தொட்டியை விளிம்பைப் பிடித்துத் தூக்குவதை மட்டும் நிறுத்தினாலே பாதி விரிசல் வராது. 20 லிட்டர் தொட்டியில் செம்மண் கலவை ஈரமாக இருந்தால் 25, 30 கிலோ வந்துவிடும், அந்த எடை முழுவதும் நாலு விரல் பிடிக்கும் இடத்தில் தொங்குகிறது. அடியில் கைகொடுத்து இரண்டு பேராகத் தூக்குங்கள். மேற்கு வெயில் விழும் பக்கத்துக்குப் பழைய சாக்கு ஒன்றைச் சுற்றி வையுங்கள்.

பொடிந்துபோன தொட்டியைத் தோட்டத்து மூலையில் போட்டு வைக்காதீர்கள், உதிர்கிற துகள் எல்லாம் நீங்கள் கீரை போடும் மண்ணில்தான் கலக்கும். எடைக்குப் போட்டுவிடுங்கள். போடுவதற்கு முன் அதன் அடிப்பாகத்தை ஒருமுறை வளைத்துப் பாருங்கள். வெயில் படாததால் அது பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும், அதை வட்டமாக வெட்டி எடுத்துப் பட்டை பட்டையாக நறுக்கி, மேலே 2 என்றோ 5 என்றோ எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த பற்றுக்கு ஆகும்.